கொம்பு சிறுத்த ஆண் வண்டுகள்

போன வாரம் பொத்துவிலிலிருந்து ஒரு பிள்ளை என் கைபேசிக்குப் படம் ஒன்று அனுப்பியிருந்தாள். தென்னை வேலைக்குப் புதிதாக வந்த வெளிக்கள உத்தியோகத்தர். இப்போதெல்லாம் தோட்டத்தில் ஒரு வாளியைக் கட்டி, அதற்குள் வாசனைப் பையொன்றைத் தொங்கவிட்டால் கருவண்டு தானாக வந்து விழுந்துவிடுகிறது. அப்படி விழுந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்து, அதன் முகம் நன்றாகத் தெரியும்படி படமெடுத்திருந்தாள். கீழே, “சேர், கொம்பு சின்னதா இரிக்கி. பெண் எண்டு எழுதவா?” என்று கேட்டிருந்தாள்.

எழுதாதே என்று உடனே பதில் போட்டேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் எழுதாதே, முதலில் கழுவு, பிறகு பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு என்றேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். வேலையிலிருந்து ஓய்ந்தவனிடம் கேள்வி கேட்டால் இரண்டு வரியில் பதில் வருமா? அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புத்தளம் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். சிங்களம் பழகினேன், மரம் ஏறப் பழகவில்லை. அங்கே கருவண்டுக்குக் கலு குருமிணியா என்று பெயர். தென்னையின் நடுக்குருத்தைத் துளைத்து உள்ளே இறங்கிச் சாறு குடிக்கிற, கட்டைவிரல் பருமனான கறுப்பு வண்டு. தலையில் பின்பக்கமாக வளைந்த ஒரு கொம்பு. நீண்ட கொம்பு ஆண், குட்டைக் கொம்பு பெண் என்று கரும்பலகையில் வரைந்து படிப்பித்தார்கள். அதை வாங்கிக்கொண்டு கல்முனைக்கு வந்து வேலையில் சேர்ந்தேன். எங்கள் ஊர்ச் சனமும் அதையேதான் சொன்னது. நீளக் கொம்புள்ளதைக் கொம்பன் என்பார்கள், மற்றதைப் பெட்டை என்பார்கள். ஊரும் படிப்பும் ஒத்துப்போனால் யார்தான் சந்தேகப்படுவார்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் அலுவலகத்துக்குப் பூச்சிகளைப் பற்றிப் படித்த மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்றார்கள். கண்ணாடி போட்ட, வயசான, மீசைக்காரர் ஒருவரை நான் எதிர்பார்த்திருந்தேன். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினார். தவமணி மிஸ். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு இளையவர். வந்த அன்றைக்கே என்னை “நானா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எங்கட முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரனை அழைக்கிற முறையில் ஒரு மேலதிகாரி கூப்பிட்டால் பிறகு எப்படிக் கோபிப்பது?

மிஸ்ஸின் போக்கே தனி. சத்தமாகக் கதைக்க மாட்டார். ஒரு விஷயத்தைக் கேட்டால் உடனே சொல்லவும் மாட்டார். கைப்பைக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் கீறுகிற தூரிகை ஒன்று எப்போதும் இருக்கும். கருவண்டு ஒன்று அகப்பட்டால் முதலில் தண்ணீர் கேட்பார். “கழுவிப் பாப்பம் நானா” என்பார். வண்டின் முள்ளுக் கால்கள் விரலில் ஏறிப் பிடிக்கும்போது எனக்கே உடம்பு கூசும். அவர் அது பாட்டுக்குப் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மற்றக் கையால் மெல்லத் திருப்புவார். இத்தனை தைரியசாலிக்குக் கோழி என்றால் பயம். ஒரு வளவுக்குள் கோழி நின்றால் நான் முன்னால் போய் விரட்டின பிறகுதான் அவர் படலை திறப்பார்.

ஏன் கழுவ வேண்டும் என்று முதல் நாள் நான் கேட்டேன். கேட்டதற்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு வண்டுகளும் என் முன்னால் வந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே குட்டைக் கொம்பு. இரண்டின் பின்முனையிலும் செம்பட்டையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மிஸ் தூரிகையால் தேய்த்து அலசினார். ஒன்றிலிருந்து அந்தச் செம்பட்டை கழன்று தண்ணீரில் மிதந்தது. அது தென்னை மட்டையின் தும்பு. அதன் கீழே இருந்த கடைசித் தட்டு வழுவழுவென்று, எண்ணெய் பூசினது மாதிரி மினுங்கியது. மற்றதில் எவ்வளவு தேய்த்தும் செம்பட்டை போகவில்லை. அது தும்பல்ல, மயிர். கடைசித் தட்டிலிருந்து குஞ்சம் மாதிரி அடர்த்தியாக முளைத்திருந்தது.

“குஞ்சம் இருந்தாப் பெண். வழுக்கையா இருந்தா ஆண். கொம்பு பொய் சொல்லும் நானா, இது சொல்லாது” என்றார் மிஸ்.

நான் அந்த இரண்டையும் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை ஆயிரம் வண்டைக் கம்பியால் குத்தி இழுத்திருப்பேன்! ஒன்றையாவது புரட்டிப் பார்த்தேனா? படைத்தவன் அடையாளத்தை வைக்கத்தான் வைத்திருக்கிறான், நாம் தேடாத இடத்தில் வைத்திருக்கிறான். அன்றைக்கு வாயைத் திறந்து சுப்ஹானல்லாஹ் என்று சொன்னேன். மிஸ் சிரித்துவிட்டு அடுத்த வண்டை எடுத்தார்.

இனி கதீஜா ராத்தாவின் தோட்டத்துக்கு வருகிறேன். அக்காவை நாங்கள் ராத்தா என்போம்.

காரைதீவுக்குத் தெற்கே, கடலோரமாக, தமிழாக்கள் காணியையும் எங்கட ஆக்கள் காணியையும் ஒரு மணல் ஒழுங்கை பிரிக்கிற இடம் அது. ஒழுங்கைக்குக் கிழக்கே கடல் பக்கம் ராத்தாவின் வளவு. மேற்கே கனகசபை அண்ணனின் மாட்டுக் கொட்டில். ராத்தாவின் கணவர், யுத்தத்துக்குள் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட அந்தக் கெட்ட வருஷத்தில் வயலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவரவர் மனதில் ஒரு பெயர் இருந்தது. ராத்தா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடி, அகதி முகாமில் கிடந்து, ஒருவழியாகத் திரும்பி வந்தபோது அவருடைய பழைய தென்னைகள் இல்லை. அடிக் குற்றிகள்தான் நின்றன. யாரோ வெட்டி எங்கேயோ கொண்டுபோயிருந்தார்கள். அந்த நாளில் மரத்தைப் பற்றி யாரிடம் போய்க் கேட்க முடியும்?

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடும் வளவும். தமிழ்க் குடும்பங்களிலும் அதே வழக்கம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ராத்தா மகளுக்கென்று அந்த வளவில் அத்திவாரம் போட்டு, சுற்றிவரத் தென்னம்பிள்ளைகளை நட்டார். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த கன்றுகள். இடுப்பளவைத் தாண்டி எழும்புகிற நேரத்தில் கருவண்டு விழுந்தது. விரிந்த ஓலையெல்லாம், பிள்ளைகள் கடதாசியை மடித்துக் கத்தரித்தது போல முக்கோண வெட்டு. சில கன்றுகளில் குருத்தே கையோடு வந்தது.

ராத்தாவின் மூத்த மகன் றமீஸ். அவன்தான் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் போய்க் கனகசபை அண்ணனின் சாணிக் குவியலைக் கிளறிப் பார்த்தவன். உள்ளே கொழுத்த வெள்ளைப் புழுக்கள், கூடவே பெரிய பெரிய கொம்பன்கள். வந்த வழியிலேயே கடைக்குப் போய் ஒரு கலன் மண்ணெண்ணெய் வாங்கி வைத்துவிட்டான். குவியலைக் கொளுத்தப் போகிறானாம்.

இதைச் சொல்ல ராத்தாவே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். “தம்பி, நீங்க வந்து பாக்காட்டி என்ட மகன் பாப்பான். அவன எனக்குப் புடிச்சி வைக்க ஏலா” என்றார்.

சாணிக் குவியலை ஒட்டித்தான் மாட்டுக் கொட்டில். கொட்டிலை ஒட்டி வைக்கோல். வைக்கோலை ஒட்டி வீடு. அந்த வருஷங்களில் ஒரு வேலி எரிந்தால் அது வேலியோடு நிற்கவில்லை. இவன் எரித்தான் என்று அங்கேயிருந்து ஒரு கூட்டம் வரும், அவர்கள் வந்தார்கள் என்று இங்கேயிருந்து ஒரு கூட்டம் போகும். எல்லாருக்கும் அது தெரியும், ஆனாலும் றமீஸுக்கு எதிரில் போய் நிற்க யாருமில்லை. மிஸ் மட்டும் தூரிகையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வாங்க நானா, போய்க் கழுவிப் பாப்பம்” என்றார்.

நாங்கள் போனபோது ஒழுங்கையின் இரண்டு கரையிலும் சனம் நின்றது. கனகசபை அண்ணன் தன் படலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ட குவியலில புழு இல்லையெண்டு நான் எங்க சொன்ன? சாணியெண்டா புழு இருக்கும். ஆனா ராத்தாட தென்னங்கண்டத் தின்னுறது என்ட வண்டு இல்ல.”

“உன்ட வண்டுக்கென்ன முத்திரையா குத்தியிரிக்கி?” என்றான் றமீஸ்.

ராத்தாவிடம் சாட்சி தயாராக இருந்தது. அவருடைய கன்றுகளிலிருந்து பிடித்த வண்டுகளை ஒரு சருவச் சட்டியில் போட்டு மூடி வைத்திருந்தார். மூடியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார்.

“பாருங்க மிஸ், எல்லாம் கொம்பு குட்டை. எல்லாம் பெட்டை. கொம்பனெல்லாம் இவன்ட சாணிக்குள்ள சொகமாக் குந்திக்கிட்டிரிக்கான். பெட்டையள் இஞ்சால வந்து என்ட புள்ளட தென்னையத் தின்னுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

கூட்டத்தில் ஒருவர், “அதென்ன ராத்தா, நம்மட ஊரில மாப்பிள்ளதானே பொண்ணு வீட்டுக்குப் போற? வண்டுக்கு மட்டும் மாறியா?” என்றார். இரண்டு கரையிலும் சிரிப்பு எழுந்தது. ராத்தா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ராத்தாவின் கணக்கு பார்வைக்குப் பிழையே இல்லை. ஒரு பக்கம் கொம்பு நீண்டவை, மறு பக்கம் கொம்பு குறுகியவை. ஆணும் பெண்ணுமாக ஒரே குடும்பம், குற்றம் நிரூபணம். ஊரில் கொம்பைப் பார்த்துப் பெயர் வைக்கப் பழகின யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மிஸ் இரண்டு வாளித் தண்ணீர் கேட்டார். ஒன்று ராத்தாவின் கிணற்றிலிருந்தும் மற்றது கனகசபை அண்ணனின் கிணற்றிலிருந்தும் வந்தது. இரண்டையும் ஒழுங்கை நடுவில் வைத்தார். நான் குவியலைக் கிளறி, அங்கேயுள்ள வண்டுகளைப் பொறுக்கி எடுத்து வந்தேன். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மணலில் குந்தினார் மிஸ். ஒவ்வொன்றாக எடுத்து, முதுகைப் பெருவிரலால் அமர்த்தி, தூரிகையால் பின்முனையைத் தேய்த்து, அலசி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, வாயால் ஊதி, மறுபடியும் பார்த்தார். அவசரமே இல்லை. கீச்சுக் கீச்சென்று வண்டுகள் சத்தமிட்டன. சனம் மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. ஒழுங்கைக்கு எந்தக் கரை யாருடையது என்பது மறந்துபோய், எல்லாரும் அந்த வாளிகளைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

ராத்தாவின் சருவத்திலிருந்து எடுத்தவற்றில் பாதிக்கு மேல் வழுக்கை. தும்பு கழன்றதும் மினுமினுவென்று மினுங்கின. சாணிக் குவியலிலிருந்து வந்தவற்றில் நீண்ட கொம்பு ஆண்கள் இருந்தன, குஞ்சம் வைத்த பெண்களும் இருந்தன. அந்தப் பெண்களுடைய கொம்பு ராத்தாவின் ஆண் வண்டுகளுடைய கொம்புக்கு ஒரு நூல்கூடக் குறையவில்லை.

“கொம்பில்லாத ஆம்புளயா? கத உடாதீங்க மிஸ்” என்றான் றமீஸ்.

மிஸ் கோபிக்கவில்லை. “நீங்களே ரெண்டு எடுங்க தம்பி. ஒரே அளவு கொம்பா எடுங்க. ஒண்டு குஞ்சம், ஒண்டு வழுக்கை” என்றார்.

அவன் தேடித் தேடி எடுத்தான். சின்னக் கத்தரியால் முதலில் குஞ்சம் வைத்ததன் வயிற்றை மிஸ் திறந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக, வெந்த சவ்வரிசி மாதிரி முட்டைகள். றமீஸ் குனிந்து எட்டிப் பார்த்தான். பிறகு வழுக்கையைத் திறந்தார். முட்டை ஒன்றுமில்லை. அவனே இன்னும் இரண்டை எடுத்துக் கொடுத்தான், நம்பாமலல்ல, பார்க்கிற ஆசையில். மறுபடியும் அப்படியே இருந்தது.

“அல்லாஹ்வே” என்று ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்ப ஏன் இவனுக்குக் கொம்பு வரல்ல?” என்று கேட்டது கனகசபை அண்ணன். தன் வழக்கை மறந்து கேட்டார்.

மிஸ் அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. “புழுவா இருக்கக்குள்ள திண்டதுதான் கொம்பு. கூட்டை உடைச்சி வண்டா வெளிய வந்தாப் பிறகு எவ்வளவு திண்டாலும் கொம்பு வளராது. உங்கட குவியலில நல்ல சாப்பாடு, அதான் கொம்பு இந்த நீளம். ராத்தாட தோட்டத்துக்கு வாறது வேற கூட்டம். எங்கயோ நெருக்கத்தில, அரை வயித்தோட வளந்த கூட்டம். உங்கட சாணியில இந்தக் கொம்பு வராது.”

முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், இதைப் போல என்னை உலுக்கியது ஒன்றுமில்லை. ஒரு பூச்சி தன் தலையிலே தன் பஞ்சத்தை எழுதிவைத்துக்கொண்டு பறக்கிறது! நாம் அதைப் பார்த்துப் பெட்டை என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

ஆனால் றமீஸ் இலேசில் விடுகிறவனல்ல. “அப்ப எங்கயிருந்து வருகுது? அதச் சொல்லுங்க.”

மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். ராத்தா மகனையும் பார்த்து, கனகசபை அண்ணனையும் பார்த்து, “வெள்ளிக்கிழம ஜும்ஆ வரைக்கும் பொறுப்பம். அதுக்குள்ள காட்டுங்க மிஸ். காட்டாட்டி, நானும் எவ்வளவுக்கெண்டு இவன்ட கையப் புடிப்பன்?” என்றார்.

நாங்கள் தேடாத இடமில்லை. வளவு வளவாகப் போனோம். வைக்கோல் போர், உமிக் குவியல், மரம் அரிகிற மரக்காலையின் தூள், ஒன்றும் விடவில்லை. நான் முன்னால் கோழி விரட்ட, மிஸ் பின்னால் வந்தார். எங்குமே அந்தச் சின்னக் கொம்பன் அகப்படவில்லை. “ஆள் போகாத இடம் ஒண்டு இருக்கு நானா. நாங்க போன இடமெல்லாம் ஆள் போற இடம்” என்றார் மிஸ்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கருவண்டு பொழுதுபடத்தான் பறக்கத் தொடங்கும். மஃரிபு பாங்கு சொல்கிற நேரம் ராத்தாவின் வளவு நடுவில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுக்கச் சொன்னார். ராத்தா, றமீஸ், நான், மிஸ், ஒழுங்கையைத் தாண்டி வந்த கனகசபை அண்ணன், ஐந்து பேரும் கண்ணை மூடி நின்றோம். பாங்கு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் கனத்த ஒரு இரைச்சல், தலைக்கு மேலே. இன்னொன்று. நான் கண்ணைத் திறந்தேன். றமீஸ் கண்ணைத் திறக்காமலே சத்தம் வந்த பக்கம் கையை நீட்டியிருந்தான். கை மேற்கே, மாட்டுக் கொட்டில் பக்கம் போகவில்லை. கிழக்கே கடலைக் காட்டியது.

கடல் பக்கம் வெறும் மணல். தாழம்பற்றை. அதற்கப்பால் முட்கம்பி. முட்கம்பிக்குள்ளே, இராணுவ முகாமை வேறிடத்துக்கு மாற்றியபோது படையினர் விட்டுப்போன பழைய சென்றி ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. அந்தக் காவலரணைத் தாண்டி யாரும் போவதில்லை. மிதிவெடி இருக்கலாம் என்ற பயம். ஆள் போகாத இடம்.

அடுத்த நாள் காலையில் ஒரு பால்மாத் தகரத்துக்குள் இரண்டு வண்டுகளைப் போட்டுக்கொண்டு மிஸ் இராணுவ முகாமுக்குப் போனார். என் சிங்களம் தேவைப்பட்டது. அங்கிருந்த அதிகாரி தகரத்தைத் திறந்து பார்த்ததும் “கலு குருமிணியா!” என்று முகம் மலர்ந்தார். அவருடைய ஊரிலும் தென்னந்தோட்டமாம். மிஸ் வண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கிட்ட வைத்து, குழந்தை மாதிரிப் பார்த்தார். அன்று பகலே ஆட்களை அனுப்பி, நிலத்தைத் தட்டிப் பார்த்து, கம்பியைத் திறந்துவிட்டார். “உடைத்து எரித்துவிடுங்கள், எங்களுக்கு அது வேண்டாம்” என்றார்.

அந்தக் கன்றுகள் என்னவாயின என்று கேட்பீர்கள். செத்தது செத்துப்போக, மிச்சம் பிழைத்தது. ராத்தாவின் மகள் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள், அவளுடைய பிள்ளைகளுக்கே இப்போது கலியாணம் பேசுகிறார்கள். போன நோன்பில் அந்த மரத்து இளநீரால்தான் நான் நோன்பு திறந்தேன். கனகசபை அண்ணனின் குவியலையும் நாங்கள் கிளறிப் புழு பொறுக்கினோம், பிறகு ராத்தா அதிலிருந்தே பசளை வாங்கினார். “கழுவிப் பாத்துத் தா கனகசபை” என்று கேட்டு வாங்கினதாகக் கேள்வி. மிஸ் பிறகு இடம் மாறிப் போய்விட்டார். ஆனால் நான் எழுத வந்தது, தவணைக்கு முந்தின நாள் சென்றியை உடைக்கப் போன அந்த வியாழக்கிழமைப் பின்னேரத்தைத்தான்.

அசர் தொழுதுவிட்டுப் போனோம். கனகசபை அண்ணன் தன் வண்டி இழுக்கிற மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். சென்றியின் கூரையும் சுவரும் தென்னங்குற்றிகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மணல் மூட்டை போட்டது. மணல் வடிந்து, மழை இறங்கி, குற்றிகள் உளுத்துப்போயிருந்தன. சங்கிலியைக் கட்டி மாடுகள் இழுத்ததும் முதல் குற்றி வாய் திறந்தாற்போல் பிளந்தது.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! குற்றி முழுக்கப் புழு. ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடந்தன. சில கூட்டுக்குள் இருந்தன, மஞ்சள் நிறத்தில், இன்னும் கண் திறக்காத குழந்தை மாதிரி, கால்களை மடக்கிக்கொண்டு. அந்தக் கூட்டுக்குள்ளேயே சின்னக் கொம்பு வந்திருந்தது, அதன் அளவும் தீர்மானமாகியிருந்தது. தின்பதற்கு மரத்தில் மிச்சமில்லை, வெறும் தூள். அந்தத் தூளுக்குள்தான் இத்தனை உயிரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. ஆளைக் கொல்லத் துவக்கு நீட்டியிருந்த இடத்தில் இவ்வளவு உயிர்! நான் மணலில் குந்திவிட்டேன். மிஸ்ஸின் கண் நிறைந்திருந்தது. “எவ்வளவு வடிவு நானா” என்றார். தான் கொல்ல வந்த பூச்சியைப் பார்த்து அப்படிச் சொன்னவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த குற்றி உருண்டபோது அதில் தகரம் ஒன்று தெரிந்தது. எலி ஏறாமல் தென்னையில் அடிக்கிற தகரப் பட்டி. துருப்பிடித்து, ஆணிகள் வளைந்திருந்தன. ராத்தா கிட்டே போனார். குனிந்தார். ஆணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இது அவர் அடிச்ச ஆணி. தலையை மடக்கித்தான் அடிப்பார். ஆடு உரசினாக் காயப்படுமெண்டு மடக்கி அடிப்பார்” என்றார்.

அவருடைய மரங்கள் போன இடம் அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மகளின் தென்னையைத் தின்ற வண்டு, தகப்பனுடைய தென்னையைத் தின்று வளர்ந்தது. கனகசபை அண்ணன் மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு வந்து, கம்பியொன்றால் அந்தத் தகரத்தை மெல்ல நெம்பினார். ஒரு ஆணியும் முறியாமல் கழற்றி, தன் சால்வையில் துடைத்து, ராத்தாவின் கையில் கொடுத்தார். ராத்தா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூளுக்குள்ளிருந்து ஒரு வண்டை எடுத்தார். கொம்பு குட்டை. அதைப் புரட்டினார். தூளை ஊதித் தள்ளினார், எச்சில் தொட்டுத் துடைத்தார், வெயிலுக்குப் பிடித்தார். மிஸ் செய்த மாதிரியே செய்தார்.

“இதுவும் ஆம்புளதான் மிஸ். பசியில வளந்தா இப்பிடித்தான்” என்றார். பிறகு மகனைப் பார்த்தார். அகதி முகாமில், வரிசையில் நின்று வாங்கின அரை வயிற்றுச் சோற்றில் வளர்ந்த பிள்ளை. இருபது வயசு, தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரியும். “என்ட மூத்தவன் மாதிரி.”

றமீஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் கையில் அந்த மண்ணெண்ணெய்க் கலன் இருந்தது. வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்ததே எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது. குற்றிகளை அடுக்கி முடித்த பிறகும் அசையாமல் நின்றான்.

“ஊத்து மனே” என்றார் ராத்தா. “இதுக்குத்தான் வாங்கின எண்டு நெனச்சிக்க.”

அவன் ஊற்றினான். கனகசபை அண்ணன் மடியிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்து அவனிடம் நீட்டினார்.